காய்ச்சல்மேல் ஒரு பிராது

கொளஞ்சி பேசினால் மணிமுத்தாற்றின் அக்கரையில் துணி அலசுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் விருத்தாசலம் பீங்கான் பேட்டையே கேட்டிருக்கிறது. யார் யாரோடு பேச்சில்லை, எந்தச் சூளையில் சரக்கு கோணிப்போனது, எந்த முதலாளி தூங்கும்போது குறட்டை விடுகிறார் என்று ஒன்று பாக்கியில்லை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. எட்டு வயதில் இரண்டு காதும் போனவள்.

காலையில் நன்றாகத்தான் நொண்டி விளையாடினாளாம். சாயங்காலம் உடம்பு கொதித்தது. மறுநாள் கழுத்து பின்பக்கம் வில்லாக வளைந்து, கண் செருகி, நினைவில்லாமல் கிடந்தாள். அந்த வாரம் அதே தெருவில் இரண்டு பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொளஞ்சி பிழைத்தாள். ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?” என்று கேட்டாள். அவள் அம்மா சொர்ணாம்பாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

சொர்ணாம்பாள் அழுதுகொண்டே மூலையில் உட்காருகிற ஜாதி இல்லை. நேராக மணவாளநல்லூருக்குப் போனாள். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தச் சுற்றுவட்டாரத்து வழக்கம். போலீசும் கோர்ட்டும் தீர்க்காததை ஒரு காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். நகை களவு போனதற்கும் கட்டுவார்கள், வரப்புத் தகராறுக்கும் கட்டுவார்கள். காரியம் முடிந்ததும் திரும்பி வந்து, “என் பிராது தீந்துபோச்சி” என்று ராஜினாமா கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சாமியையே நியாயாதிபதியாக உட்கார வைத்த ஊர் இது.

“எதிராளி யாரும்மா?” என்று குருக்கள் கேட்டார்.

“காய்ச்சலு.”

“காய்ச்சல்மேல எப்படிம்மா பிராது எழுதறது? பேரு, ஊரு ஏதாவது வேணாமா?”

“பேரு தெரிஞ்சா நானே போயி சட்டையப் புடிச்சிருக்க மாட்டனா? எழுதுங்க சாமி. ‘உம் பேரைத்தான் எம் மவளுக்கு வச்சிருக்கன். அவ காதைக் களவாண்டவனப் புடிச்சிக் குடு. அவன் ஆப்புடற வரைக்கும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டன்.’ அவ்ளோதான்.”

குருக்கள் எழுதினார். சொர்ணாம்பாள் வேலில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால்கூட முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். சாமியும் அவசரப்படவில்லை.

காது போனாலும் கொளஞ்சிக்கு வாயும் கையும் போகவில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். அர்ச்சுனன் என்கிற பஸ் கண்டக்டர் அவளைக் கட்டிக்கொண்டார். “நாள் பூரா சேத்தியாத்தோப்புக்கும் விருத்தாசலத்துக்கும் விசில் ஊதிட்டு வூட்டுக்கு வந்தா, என் விசிலு காதுல வுழாத ஒரே ஆளு எம் பொண்டாட்டிதான். அதுவே ஒரு வரம்” என்பார். அந்த வரத்தின் குரல் தெருமுனை வரை கேட்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அறுபதுகளில் பீங்கான் பேட்டை வந்து, வரிசையாகச் சூளைகள் புகைய ஆரம்பித்தபோது, மாணிக்கவேல் என்பவரின் ஆலையில் கொளஞ்சி முதல் ஆளாகச் சேர்ந்தாள். கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி, கரண்டுக் கம்பத்துக்கான குமிழ் எல்லாம் அங்கே செய்தார்கள். கொளஞ்சிக்குக் கிளேசு போடுகிற வேலை. கண்ணாடி மாவைக் கரைத்த பால்போன்ற தண்ணீரில் சாமானை முக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுக்க வேண்டும். வெந்து வந்தால் அதுதான் பளபளப்பு. அவள் முக்கியெடுத்த கப்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அவளும் அதை நம்பினாள், வைத்தும் காட்டினாள்.

அவளுக்குக் கிடைக்காத நாற்காலி ஒன்று அந்த ஆலையில் இருந்தது. சூளையிலிருந்து வந்த சாமானை மரக்குச்சியால் தட்டிப் பார்க்கிற அறையின் நாற்காலி அது. கணீரென்றால் நல்ல சரக்கு. தொப்பென்றால் உள்ளே கீறல், உடைசல் மேட்டுக்குப் போக வேண்டியதுதான். கை தேர்ந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் அந்த அறைக்குப் போவார்கள். கொளஞ்சி போக வழியில்லை. அந்த அறையை ஆண்டவர் மேஸ்திரி பழமலை. தங்கமான மனுஷர். ஆனால் அவர் மீசை மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டுக்கும் கொஞ்சம் நிழல் கொடுத்தது. அதனால் அவர் பேசுவதில் ஒரு சொல்கூடக் கொளஞ்சிக்குப் பிடிபடாது. பத்து வருடத்துக்கு மேல் அவர் கையை ஆட்டினார், அவள் குத்துமதிப்பாகத் தலையை ஆட்டினாள். வேலை எப்படியோ நடந்தது.

எழுபத்துமூன்றாம் வருடக் கடைசியில் மாணிக்கவேல் ஒரு புது ஆர்டரோடு வந்தார். சென்னையில் ஒரு தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வடிகட்டிக் கேண்டில் வேண்டுமாம். வீட்டில் தண்ணீர் ஃபில்டருக்குள் இருக்குமே, வெள்ளையாக, ஒரு சாண் உயரத்தில், அந்த மாதிரி. ஆனால் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக வடிகட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் உடைந்துபோய்விட்டது. புதிதாக வரவழைக்க அனுமதி கிடைக்கவில்லை. “பாத்து செய்யுங்க. கிளேசு வேணாம்னு சொல்லியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி வேப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

கேண்டில்கள் வார்த்து, காய்ந்து, ஒரு சூடு வெந்து வரிசையாக நின்றன. பழமலை பார்த்தார். கொளஞ்சி பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த குச்சிபோல் மொட்டையாக, மங்கலாக இருந்தன. இதுவரை அந்த ஆலையிலிருந்து கிளேசு இல்லாத சாமான் எதுவும் வெளியூர் போனதில்லை.

“இப்படியா மெட்ராசுக்கு அனுப்புறது? ஊரு மானம் போயிடும் மேஸ்திரி. பொண்ணை ஒரு நல்ல புடவை கட்டாம அனுப்புற மாதிரி இருக்குது!” என்றாள் கொளஞ்சி, பக்கத்து ஆலைக்கும் சேர்த்து.

பழமலை மீசைக்குள் ஏதோ சொன்னார். கையை மெல்ல அசைத்துக் காட்டினார். ‘மெல்லிசா ஒரு முக்கு’ என்று அதற்கு அர்த்தம். அது மட்டும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னவர்கள் ஏதோ செலவைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், நாம் பெருந்தன்மையாகப் போட்டுவிடுவோம் என்பது இருவரின் எண்ணமும். கொளஞ்சி தன் கைவரிசையை முழுக்கக் காட்டினாள். மறுபடி வெந்து வந்தபோது ஒவ்வொன்றும் முத்துப்போல ஜொலித்தது. வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது அவளுக்கு அனுப்பவே மனமில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள், காலை ரயிலில் வந்திறங்கிய ஒரு அம்மாள் ஆலைக்குள் நுழைந்தாள். நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. டாக்டர் கமலம் என்று சொன்னாள். அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் தடுப்பூசி செய்கிறவளே அவள்தான். பையிலிருந்து ஒரு கேண்டிலை எடுத்து வெயிலில் திருப்பிக் காட்டினாள்.

“இவ்வளவு அழகான கேண்டிலை நான் பார்த்ததே இல்லைங்க. யார் செஞ்சது?”

கொளஞ்சி உதட்டைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தாள். பழமலையும் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா ஒரு வாளித் தண்ணீரும் சைக்கிள் பம்பும் கேட்டாள். கேண்டிலின் அடியில் ரப்பர்க் குழாயை மாட்டி, தண்ணீரில் முக்கி, பழமலையைப் பம்ப் அடிக்கச் சொன்னாள். அவர் அடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. கடைசியில் குழாய்தான் டப்பென்று கழன்று அவர் மீசையெல்லாம் தண்ணீர் தெறித்தது.

“வடிகட்டின்னா உள்ளே போறது வெளியே வரணும் இல்லீங்களா? நீங்க எல்லா வாசலையும் பூட்டி, பூட்டுக்குப் பாலிஷும் போட்டு அனுப்பிட்டீங்க” என்று சொல்லி டாக்டரம்மா சிரித்தாள். கோபப்படத்தான் வந்திருந்தாள் போலிருக்கிறது. ஆனால் பழமலையின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தபின் யாராலும் கோபப்பட முடியாது. “இது என் மேசையில பேனா வைக்க ஆச்சு. எனக்கு இப்ப அழகில்லாத கேண்டில் வேணும்.”

கொளஞ்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எதற்காக இந்த வடிகட்டல் என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“ஒரு கிருமி இருக்குது. அது மேலே சர்க்கரையில நெய்த மாதிரி ஒரு சட்டை போட்டிருக்கும். நம்ம காப்பிக்குப் போடற சர்க்கரை இல்ல, சர்க்கரை ஒண்ணோட ஒண்ணு கோத்த நீளச் சங்கிலி. நம்ம ரத்தத்துல இருக்கிற காவல்காரங்க புடிக்கப் போனா அந்தச் சட்டையில கை வழுக்கிடும். அதனால நாங்க கிருமியைக் குழம்புல வளத்து, கொன்னு, அந்தச் சட்டையை மட்டும் தனியா எடுக்கிறோம். ஒரு சோப்பு ஜாதி மருந்து ஊத்தினா, பால் திரியற மாதிரி சட்டையெல்லாம் திரிஞ்சி அடியில தங்கும். அதை ஸ்பிரிட்டுல அலசி அலசி வெளுத்து, மறுபடி கரைச்சி, கடைசியா கேண்டில்ல வடிகட்டணும். சங்கிலி நுழைஞ்சி வரணும், மிச்சம் மீதி கிருமி எதுவும் நுழையக் கூடாது. அந்தச் சுத்தமான சட்டையைத்தான் ஊசியில ஏத்தறது. உடம்பு அதைப் பாத்து வச்சிக்கும். அப்புறம் அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எவன் வந்தாலும் வாசல்லயே அமுக்கிடும்.”

“சட்டைய வச்சித் திருடனப் புடிக்கிறீங்க!” என்றாள் கொளஞ்சி.

“அதேதான். ஆமா, உங்களுக்குக் காது எப்பப் போச்சு?”

“எட்டு வயசுல டாக்டரம்மா. காய்ச்சலு. கழுத்து வில்லாட்டம் பின்னால வளைஞ்சிடிச்சாம்.”

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்து, கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் காய்ச்சலைக் கொண்டாந்த கிருமிதாம்மா எங்க ஜாடியில இருக்குது” என்றாள்.

கொளஞ்சி அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று, மறுபடி சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா மறுபடி சொன்னாள். இத்தனை வருடம் பெயர், ஊர் தெரியாமல் திரிந்த எதிராளி சென்னையில் ஒரு ஜாடியில் அடைபட்டுக் கிடக்கிறான். அவன் சட்டையை உரித்து வெளியே எடுக்க இருந்த ஒரே வாசலை நாமே பளபளவென்று பூசி மூடியிருக்கிறோம்! அவளுக்குத் தன் கையைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

“இன்னொரு தடவை செஞ்சா?”

“செய்யத்தான் வந்தேன். ஆனா மார்ச்சுக்குள்ள சுத்தமா வடிகட்டிக் காட்டலைன்னா, இந்த வேலையையே மூடிட்டு வேற வேலையைப் பாருன்னு எங்க டைரக்டர் சொல்லிட்டாரு. ஒரு சூளைக்குத்தான் நேரம் இருக்குது.”

கொளஞ்சி அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தெருவுக்கும் சொன்னாள். சொர்ணாம்பாள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, “இத்தினி வருசமா தூங்கின சாமி, இப்ப எந்திரிச்சி ஒன்னப் பம்பு அடிக்கச் சொல்றாரா? சட்டையோ கோமணமோ, ஆளு ஆப்புட்டான்னு சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்” என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் மகள் வந்ததும் வராததுமாக, “என்னாடி ஆச்சி?” என்று வாயை நன்றாகத் திறந்து கேட்க ஆரம்பித்தாள்.

அடுத்த சூளைக்கு வேலை நடந்தது. டாக்டரம்மா இரண்டு நாள் தங்கி, மாணிக்கவேலோடும் பழமலையோடும் உட்கார்ந்து கலவை பேசினாள். வெள்ளைக் களிமண்ணோடு மரவள்ளி மாவைக் கலப்பதென்று முடிவானது. சூளையில் மாவு எரிந்து போய்விடும், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நிற்கும். “மாவும் சர்க்கரைச் சங்கிலிதான் தெரியுமா? ஒரு சங்கிலி எரிஞ்சி இன்னொரு சங்கிலிக்கு வழி விடுது” என்று சொல்லி டாக்டரம்மா தானே சந்தோஷப்பட்டாள். மாவு பொடிப்பொடியாக இருக்க வேண்டும், துளை பெரிதானால் கிருமியே ஹாயாக நடந்து வந்துவிடும். சலிக்க மெல்லிய துணி தேடினார்கள். துவைத்துத் துவைத்துச் சிலந்தி வலைபோல ஆன வேட்டி ஒன்றைக் கொளஞ்சி வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். அர்ச்சுனன் அதைப் பல நாள் தேடினார். கடைசியில் ஆலை வாசலில் மாவு படிந்து காயக் கண்டு, பஸ்ஸை நிறுத்தாமலே விசில் ஊதிவிட்டுப் போனார்.

கேண்டிலைச் சோதிக்கும் முறையையும் டாக்டரம்மா கற்றுக்கொடுத்தாள். தண்ணீரில் முக்கிப் பம்ப் அடித்தால், நல்ல கேண்டிலின் உடம்பு முழுக்க வேர்வை பூப்பதுபோலப் பொடிக் குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். ஒரே இடத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்தால் அங்கே ஓட்டை, அது ஆகாது. இதற்கு ஆலையில் மிச்சமிருந்த இடம், களிமண் அரைக்கிற உருளை மிஷினுக்குப் பக்கத்து அறை ஒன்றுதான். அந்த மிஷின் உருள்கிற சத்தத்தில் அரைநாள் உட்கார்ந்தால் மண்டை பிளக்கும். யாரும் போகச் சம்மதிக்கவில்லை. கொளஞ்சி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ராணிபோல உட்கார்ந்தாள். மிஷின் உருண்டுகொண்டிருந்தது. அவளுக்கென்ன?

சூளை பிரித்த அன்று கொளஞ்சி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். பழமலை பொறுக்க முடியாமல் முதல் கேண்டிலை எடுத்தார். பழக்க தோஷம், மரக்குச்சியால் தட்டினார். தொப். இரண்டாவதைத் தட்டினார். தொப். ஒன்றுகூடக் கணீரென்று சொல்லவில்லை. கூடை கூடையாகத் தட்டிவிட்டு மனுஷர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தனையும் உள்ளே கீறல் விழுந்த சரக்கு என்று அவருடைய காது சொன்னது. அந்தக் காது அதுவரை பொய் சொன்னதே கிடையாது. எல்லாவற்றையும் உடைசல் மேட்டில் கொட்டச் சொன்னார். நாளைக்கு டாக்டரம்மா ரயிலில் வருவாள், என்ன பதில் சொல்வது?

கொளஞ்சி திரும்பி வரும்போது பெண்கள் கூடையோடு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே பாதிக்கு மேல் கொட்டி நொறுங்கிவிட்டது. அவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“என்னா மேஸ்திரி இது!”

பழமலை மீசைக்குள் பேசினார். கையை விரித்துக் காட்டினார்.

“ஒண்ணும் தெரியல! மீசையத் தூக்கிட்டுச் சொல்லு!”

பேட்டையே வேடிக்கை பார்க்க, மேஸ்திரி பழமலை இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் செத்த சத்தம் கொளஞ்சி. தொப்பு தொப்புங்குது” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எனக்கு எல்லாமே செத்த சத்தந்தான் மேஸ்திரி. சத்தத்த நீ கேட்ட, சரி. தண்ணியக் கேட்டியா?”

பதிலுக்கு நிற்காமல் கடைசிக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு மிஷின் அறைக்குப் போனாள். பழமலை பின்னாலேயே போனார். ஒரு கேண்டிலை மாட்டி வாளியில் முக்கினாள், அவர் பம்ப் அடித்தார். முதலில் ஒன்றும் இல்லை. கொளஞ்சி வாளியின்மேல் குனிந்தாள். கொளஞ்சியப்பா, அந்தக் கிழவி உன் வாசலுக்கு வராமல் இருக்கிறாளே, உனக்கே நன்றாக இருக்கிறதா என்று மனதுக்குள் கேட்டாள். மனதுக்குள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மிஷினையும் மீறி அது பழமலைக்குக் கேட்டது. அவர் இன்னும் இரண்டு அடி சேர்த்து அடித்தார். கேண்டிலின் வெள்ளை உடம்பு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, வேர்வை பூத்தது. பொடிப்பொடியாக, ஒரே சீராக, கற்கண்டுத் தூளைத் தூவியதுபோல.

பழமலை பம்பை விட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “அட மடப் பயலே! உடம்பு பூரா ஓட்டை இருந்தாத்தானே இது கேண்டிலு! உடம்பு பூரா ஓட்டை இருந்தா எங்கேர்ந்து கணீருங்கும்!” தன்னைத்தான் திட்டிக்கொண்டார். கொளஞ்சி சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் அவள் புடவையெல்லாம் கொட்டியது. கிளேசு பூசிய பாவம் அவளுக்கு, தட்டிப் பார்த்த பாவம் அவருக்கு. கணக்குச் சரியாகிவிட்டது.

கூடையில் தப்பியதில் சோதனையில் தேறியவை கைவிரலால் எண்ணுகிற அளவுதான். மறுநாள் டாக்டரம்மா அவற்றைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

மாசிமகம் வந்தது, போனது. தேர் பார்க்க வந்த கூட்டம் ஊர் திரும்பிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கொளஞ்சி வேலையில் இருந்தாலும் கண் வாசலிலேயே இருந்தது. காது இல்லாதவர்களுக்குக் காத்திருப்பது இன்னும் கொடுமை. யாராவது வருகிற காலடிச் சத்தம் அவர்களுக்கு முன்கூட்டிக் கேட்காது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் திரும்பிய ஒருநாள், வாசலில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உதட்டைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

டாக்டரம்மா பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் கொளஞ்சியின் உள்ளங்கையில் வைத்தாள். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

“இதுதான் அவன் சட்டை.”

கொளஞ்சி குப்பியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவுதானா என்றிருந்தது. “இனிக்குமா டாக்டரம்மா?”

“ஐயோ, நக்கிப் பாத்துடாதீங்க!” டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குப்பியின் மூடியை அழுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். கேண்டிலில் வடிந்த தண்ணீரில் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. அதை முயலுக்கு ஊசியாகப் போட்டார்கள், அதன் உடம்பில் சூடு ஏறவில்லை. அப்புறம் அவளும் கூட வேலை செய்கிறவர்கள் சிலரும் தங்களுக்கே போட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு ஆளைப் பிடிக்கத் தயாராக நிற்கிறது. டைரக்டர் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார். “ஊருக்கெல்லாம் போட இன்னும் ரொம்ப வேலை இருக்குது கொளஞ்சி. பொய் சொல்ல மாட்டேன். கைக்குழந்தைங்க உடம்புக்கு வெறும் சட்டையைக் காட்டினா அவ்வளவா பிடிபடாது. அதுக்கு வேற வழி தேடணும்.”

கொளஞ்சி குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “எட்டு வயசுப் புள்ளைக்கு?”

அப்புறம்தான் நிமிர்ந்து உதட்டைப் பார்த்தாள்.

“எட்டு வயசுப் புள்ளைக்குப் பிடிபடும்” என்றாள் டாக்டரம்மா.

கொளஞ்சி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அதையும் வழக்கம்போலப் பேட்டை முழுக்கக் கேட்க அழுதாள். என்னவோ ஏதோ என்று பக்கத்து ஆலைக்காரர்கள் ஓடிவந்தார்கள். “எனக்கும் ஒரு ஊசி போடுங்க டாக்டரம்மா” என்று கையை நீட்டினாள். “உங்களுக்கு எதுக்கு? உங்க உடம்புக்குத்தான் அவனை நல்லாத் தெரியுமே” என்றாள் டாக்டரம்மா. “தெரியுமாவா? சட்டையோட பொத்தான் வரைக்கும் சொல்லும்!” என்று கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அன்று முதல் கேண்டில் சோதிக்கிற வேலை அவளுக்கென்றே ஆனது. முக்காலி போய் நாற்காலி வந்தது. மறுநாள் காலை மேஸ்திரி பழமலை வேலைக்கு வந்தபோது ஆலையில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மீசையை உதட்டுக்கு மேலே கோடு கிழித்ததுபோல ஒதுக்கியிருந்தார். கொளஞ்சிக்கு முன்னால் வந்து நின்று, “இப்ப தெரியுதா?” என்றார். “தெரியுது மேஸ்திரி! ஒனக்கு முன்பல்லு ஒண்ணு இல்ல!” என்றாள் அவள். அந்த ரகசியமும் ஊருக்குத் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சொர்ணாம்பாளை இழுத்துக்கொண்டு மணவாளநல்லூருக்குப் போனாள். ராஜினாமா கொடுக்க வேண்டும் என்றதற்கு முதலில் கிழவி வர மறுத்தாள். “காது வந்திச்சாடி ஒனக்கு? வரல இல்ல? அப்பறம் என்னா ராஜினாமா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். கோயில் வாசப்படியில் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றாள். குருக்கள் மாறியிருந்தார், முன்பிருந்தவரின் மகன். வெளியே வந்து, “பிராதுல என்ன கேட்டிருந்தீங்கம்மா?” என்றார்.

சொர்ணாம்பாளுக்கு ஒரு எழுத்தும் மறக்கவில்லை. சாமி பக்கம் பார்த்து வெடுக்கென்று சொன்னாள். “எம் மவ காதைக் களவாண்டவனப் புடிச்சிக் குடு. அவன் ஆப்புடற வரைக்கும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டன்.”

“ஆப்புட்டானா?”

“ஆப்புட்டுக்கிட்டான் சாமி!” என்றாள் கொளஞ்சி. “மெட்ராசுல ஜாடியில போட்டு வச்சிருக்காங்க. சட்டையக்கூட உரிச்சிட்டாங்க. நாங் கையிலயே வாங்கிப் பாத்தன்!”

“அப்ப கேட்டது நடந்திடுச்சே” என்றார் குருக்கள்.

சொர்ணாம்பாள் தான் சொன்னதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு படீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். “அடப் பாவி, ஆமா! திருடனப் புடின்னு சொன்னனே தவிர, களவு போன பொருளத் திருப்பிக் குடுன்னு சொல்லவே இல்லியே நானு! ஆத்திரத்துல மறந்துட்டனேடி!” கிழவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. மகள் காதைத் தன் முரட்டுக் கையால் தடவித் தடவிக் கொடுத்தாள்.

கொளஞ்சி அந்தக் கையைப் பிடித்து, அம்மாவை வாசப்படிமேல் ஏற்றினாள்.

“பொருளு போனாப் போவுதும்மா, வா. இனிமே எந்த வூட்டுலயும் அவன் கைவைக்க முடியாது இல்ல?”

அதை அவள் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.